வேலைக்காக ஒரு மொழி: கடிதம்

அன்புள்ள ஐயா,

ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் ஆறு வருடமாக வேலை பார்க்கிறேன். வேலை போய்விடும் என்ற பயம் இல்லை. ஆனால் மேலே போகவும் வழி தெரியவில்லை. வெளிநாட்டு மொழி ஒன்று தெரிந்தால் சம்பளம் கூடும் என்கிறார்கள். பிரெஞ்சில் ஏ1 என்ற முதல் படியை முடித்தேன். ஜப்பானிய மொழி வகுப்புக்கு இரண்டு மாதம் போய் நிறுத்திவிட்டேன். இப்போது ஸ்பானிஷ்தான் நல்லது என்கிறார் நண்பர். ஒரு ஜெர்மன் கம்பெனியிடம் நாங்கள் இயந்திரங்கள் வாங்குகிறோம். அவர்கள் அனுப்பும் தாள்களை முன்பெல்லாம் வெளியே கொடுத்து மொழிபெயர்ப்போம், ஏஐ வந்தபிறகு அதுவும் குறைந்துவிட்டது. இந்தக் காலத்தில் மொழி படிப்பது வீண் வேலையா? படிப்பதென்றால் எதைப் படிக்கலாம்?

கே.

அன்புள்ள கே.,

உங்கள் கடிதத்தில் நான்கு மொழிகள் வருகின்றன. மூன்றைப் பற்றி ஆசையோடு எழுதுகிறீர்கள். நான்காவதை அலுவலகத் தொல்லைபோலச் சொல்லிவிட்டுத் தாண்டிப் போகிறீர்கள். எனக்கு அந்த நான்காவதில்தான் கண் நின்றது.

எந்த மொழிக்கு மவுசு என்று விசாரித்துக்கொண்டு கிளம்பினால் இப்படித்தான் ஆளுக்கொன்று சொல்வார்கள். ஸ்பானிஷும் பிரெஞ்சும் ஐ.நா.வின் ஆறு அலுவல் மொழிகளில் வருபவை. ஜெர்மன் அந்தப் பட்டியலிலேயே இல்லை. அதனால் உங்களுக்கு என்ன? உங்கள் மேசைக்கு வரும் தாள் ஜெர்மனில்தானே வருகிறது.

அந்தத் தாளையே எடுத்துக்கொள்வோம். ஜெர்மன் இன்வாய்ஸில் 1.250 என்று இருந்தால் அது ஒன்றேகால் இல்லை, ஆயிரத்து இருநூற்றைம்பது. அங்கே ஆயிரத்தைப் பிரிப்பது புள்ளி, தசமத்துக்குக் கமா. இது ஒருநாளில் பழகிவிடும். கீழே பணம் கட்டும் விதியில் ‘ஸ்கோண்டோ’ என்று ஒரு வரி இருக்கலாம். 14 நாளுக்குள் கட்டினால் 2 சதவீதம் கழித்துக்கொள்ளலாம், இல்லாவிட்டால் 30 நாளுக்குள் முழுத்தொகை என்பதுபோல. அங்கே இது சகஜமான ஏற்பாடு. வெறும் மொழி படித்தவர் அந்த வரியைப் பிழையில்லாமல் மொழிபெயர்த்துக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார். கணக்குப் பிரிவில் ஆறு வருடம் இருந்தவருக்குத்தான் அதைப் பார்த்ததும் கை காலண்டரைத் தேடும். உங்களிடம் அந்தப் பாதி ஏற்கெனவே இருக்கிறது.

ஏஐயும் அந்த வரியை மொழிபெயர்த்துவிடுமே என்பீர்கள். மொழிபெயர்க்கும், நன்றாகவே. கடிதத்தை, கையேட்டைப் பெயர்த்துக் கொடுத்துப் பிழைக்கலாம் என்று யாராவது கேட்டால் இன்று நான் தைரியம் சொல்லமாட்டேன். ஆனால் பணம் வரவில்லை என்று மறுமுனையில் ஒருவர் எரிச்சலோடு போன் செய்யும்போது கதை வேறு. அவர் எவ்வளவு கோபமாக இருக்கிறார், இன்னும் ஒரு வாரம் கேட்டால் தருவாரா, மேலே யாரிடம் போக வேண்டும் என்பதெல்லாம் பேச்சின் நடுவில் பிடிபட வேண்டும். இடையில் இயந்திரத்தை வைத்துக்கொண்டும் பேசலாம்தான். ஆனால் அப்படி நெருக்கம் வளர்ந்து நான் பார்த்ததில்லை.

ஹைன்ரிக் ஷ்லீமனைக் கேள்விப்பட்டிருப்பீர்கள், டிராய் நகரத்தைத் தோண்டிய ஜெர்மானியர். தோண்டப் போகுமுன் அவர் வியாபாரி. அதற்கும் முன்னால், 1844-இல், ஆம்ஸ்டர்டாமில் ஒரு வணிக நிறுவனத்தில் சேர்ந்தபோது பார்த்தது உங்கள் வேலைதான்: கணக்கு எழுதுவது, கடிதம் எழுதுவது. அங்கே நடந்த அவுரி (நீலச்சாயம்) ஏலத்துக்கு ரஷ்ய வியாபாரிகள் வந்துபோய்க்கொண்டிருந்தார்கள். அவர்களுடன் அவர்கள் மொழியில் பேச ஆளில்லை. ஷ்லீமன் ரஷ்ய மொழியைக் கையில் எடுத்தார். ஆசிரியர் கிடைக்கவில்லை. ஒரு புத்தகத்தின் ரஷ்ய மொழிபெயர்ப்பை மனப்பாடம் செய்து உரக்கச் சொன்னார். கேட்க ஆள் இருந்தால்தான் ஓடும் என்று, வாரத்துக்கு நான்கு பிராங்க் கொடுத்து ஒரு ஏழை யூதரை எதிரே உட்காரவைத்தார். அவருக்கு ரஷ்ய மொழியில் ஒரு எழுத்துகூடத் தெரியாது! சத்தம் தாங்காமல் மற்ற குடித்தனக்காரர்கள் புகார் செய்ய, இரண்டு முறை ஜாகை மாற்ற வேண்டியதாயிற்று. ஆறு வாரத்தில் முதல் வணிகக் கடிதத்தை ரஷ்ய மொழியில் எழுதினேன் என்கிறார். மனிதர் தன் கதையைக் கொஞ்சம் ஊதிச் சொல்லக்கூடியவர், அந்த ஆறு வாரத்தை நான் அப்படியே நம்பவில்லை. ஆனால் 1846 தொடக்கத்தில் நிறுவனம் அவரைப் பீட்டர்ஸ்பர்க்குக்குத் தன் முகவராக அனுப்பியது உண்மை. அவுரி விலையும் கணக்கும் தெரியாமல் ரஷ்யன் மட்டும் தெரிந்திருந்தால் அனுப்பியிருப்பார்களா?

அடுத்து, ஏ1. ஐரோப்பிய கவுன்சில் வகுத்த ஆறு படிகளில் (ஏ1 முதல் சி2 வரை) அது முதல் படி. பெயர் சொல்லலாம், வழி கேட்கலாம். மூன்று மொழியில் ஏ1 என்று ரெஸ்யூமேயில் போட்டால், மூன்றையும் பாதியில் விட்டவர் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். அலுவலகத்தில் பேச்சு ஓட நான்காம் படியான பி2 வேண்டும். ஜெர்மனியில் நர்ஸ் வேலைக்குப் போகிறவர்களிடமும் பொதுவாக அதைத்தான் கேட்கிறார்கள். அவர்களுக்கு மொழி வாசற்கதவு, சான்றிதழ் இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். உங்களுக்கு அப்படியில்லை, நீங்கள் ஏற்கெனவே உள்ளே இருக்கிறீர்கள். அதனால் சான்றிதழுக்காகப் பறக்க வேண்டாம். ஜப்பானிய மொழித்திறனுக்கான ஜேஎல்பிடி தேர்வில் பேச்சுப் பகுதியே கிடையாது. அதில் நல்ல மதிப்பெண்ணோடு தேறிவிட்டு நேர்முகத்தில் வாய் திறக்க முடியாமல் போனவர்கள் உண்டு.

எவ்வளவு காலமாகும்? அமெரிக்க வெளியுறவுத் துறை தன் அதிகாரிகளுக்கு மொழி கற்பிக்க ஒரு கணக்கு வைத்திருக்கிறது. வேலைக்குத் தேவையான அளவு ஜெர்மன் வர சுமார் 900 வகுப்பு மணி நேரம், ஜப்பானிய மொழிக்கு 2200. (தமிழுக்கு 1100. நாம் ஜெர்மானியரைவிடக் கடினமானவர்கள்!) இது ஆங்கிலம் பேசுகிறவர்களுக்கான கணக்கு. வினை கடைசியில் வரும் ஜப்பானிய வாக்கியம் நமக்கு அவ்வளவு மிரட்டாது. ஆனால் சீனத்திலிருந்து வந்த ‘காஞ்சி’ எழுத்துகளில் அன்றாடப் பயன்பாட்டுக்கென்று வகுத்தவை மட்டும் 2136. அவை தமிழரென்று சலுகை காட்டாது. தினமும் ஒரு மணி நேரம் என்றால் ஜெர்மனுக்கு இரண்டரை வருடம், ஜப்பானிய மொழிக்கு ஆறு. ஆப்பில் பத்து நிமிடம் தட்டுவதை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள், அது பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரத்துக்கு.

ஆகவே ஜெர்மன். மூன்றாம் படியான பி1 வரை வகுப்பு நல்லது, இலக்கணம் வலுவாக உட்கார வேண்டும். பெயர்ச்சொற்களின் ஆண்பால், பெண்பால் பாகுபாடு பாடாய்ப்படுத்தும், அதற்காக நிறுத்திவிடாதீர்கள். கூடவே உங்கள் அலுவலகக் கோப்பில் இருக்கும் பழைய இன்வாய்ஸ்களை எடுத்து வாசியுங்கள். பாடப்புத்தகம் ரயில் டிக்கெட் வாங்கத்தான் சொல்லித்தரும், தவணைக்கும் பாக்கிக்கும் வேண்டிய சொற்கள் உங்கள் அலமாரியில் இருக்கின்றன.

பி1 தாண்டியதும் ஜெர்மன்காரர்களோடு நடக்கும் அடுத்த போன் கூட்டத்தில் ஓரமாக உட்கார மேலாளரிடம் அனுமதி கேளுங்கள். பேச வேண்டாம், கேட்டால் போதும். அப்போதே சம்பளத்தைப் பற்றி வாய் திறக்காதீர்கள். மேலாளரே உங்களைக் கூப்பிட்டுக் கேட்க ஆரம்பித்தபிறகு திறங்கள். வகுப்புக்குக் கட்டிய பணத்துக்கு ரசீது வைத்திருங்கள், சில நிறுவனங்கள் அதையும் தருவதுண்டு.