டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸில் நன்றாக ரோல்பிளே செய்யும் (கேரக்டராகவே மாறி ஆடும்) பிளேயர்களுக்கு, ஆட்டத்தை நடத்தும் டிஎம் என்ன பரிசு கொடுக்கலாம்? கூடுதல் எக்ஸ்பி (லெவல் ஏற உதவும் அனுபவப் புள்ளி) கொடுப்பது சரியா?

கூடுதல் எக்ஸ்பி மட்டும் வேண்டாம். வேறு எதை வேண்டுமானாலும் கொடுங்கள்.

கேள்வியைப் பார்த்தால் மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேச்சாலும் பகடையாலும் கதை ஆடும் இந்த விளையாட்டை நீங்கள் இப்போதுதான் நடத்த ஆரம்பித்திருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. மேசையில் நாலைந்து பேர். ஒருத்தர் குரலை மாற்றிப் பேசி அசத்துகிறார், மற்றவர்கள் ‘நான் அட்டாக் பண்றேன்’ என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அசத்துகிறவருக்கு ஏதாவது கொடுத்தால் மற்றவர்களும் வாயைத் திறப்பார்கள் என்பது உங்கள் கணக்கு. அந்தக் கணக்கு எங்கே போய் முடியும் என்பதை நான் பிளேயராக உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அதனால்தான் இந்தப் பதில் கொஞ்சம் நீளம்.

பெங்களூரில் வேலை பார்த்த காலத்தில் ஒரு குழுவில் ஆடினேன். 2014 பதிப்பு விதிகள், பேச்சு முழுக்க ஆங்கிலத்தில். ஒவ்வொரு முறை ஆட்டம் முடிந்ததும் டிஎம் ‘இன்றைய சிறந்த ரோல்பிளே’ என்று ஒருவரை அறிவித்து அவருக்கு மட்டும் 200 எக்ஸ்பி கொடுப்பார். பெரும்பாலும் அது எங்கள் விசார்டுக்குத்தான், அதாவது மந்திரவாதியாக ஆடியவருக்குத்தான் போகும். கான்வென்ட் ஆங்கிலம், பிரிட்டிஷ் உச்சரிப்பு, சத்திரக்காரனிடம் ஒரு கோப்பை மதுவுக்குப் பேரம் பேசவே கால் மணி நேரம். கேட்க நன்றாகத்தான் இருக்கும், அதை நான் மறுக்கவில்லை.

அதே மேசையில் என் நண்பன் ஒருவன் ட்வார்ஃப் கிளெரிக், அதாவது குள்ளர் இனத்துப் பூசாரி, ஆடினான். மதுரைப் பக்கத்துப் பையன். ஆங்கிலம் நன்றாகப் படிப்பான், எழுதுவான், நாலு பேர் நடுவில் பேச மட்டும் கூச்சம். கேரக்டரின் பலவீனம் என்ன என்று எழுதும் இடத்தில் அவன் எழுதியிருந்தது இதுதான்: ‘செத்தவர்களை அடக்கம் செய்யாமல் நகர மாட்டான்.’

ஒரு நாள் சுரங்கத்துக்குள் எங்களுக்கு விளக்குப் பிடிக்கக் கூலிக்கு வந்த பையன் அம்பு பட்டுச் செத்துப்போனான். பின்னால் கோப்ளின் கூட்டம் துரத்தி வருகிறது. எல்லோருக்கும் ஹிட் பாயிண்ட், அதாவது மிச்சமிருக்கும் உயிர், ஒற்றை இலக்கத்தில். ஓடு, ஓடு என்று கத்துகிறோம். நண்பன் நகரவில்லை. ‘இவனை இங்கே விட்டுட்டு நான் வர மாட்டேன்’ என்று தமிழில் ஒரே ஒரு வரி சொன்னான். கேடயத்தைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பையனைத் தோளில் தூக்கிக்கொள்வதாகச் சொன்னான். கேடயம் போனால் ஆர்மர் கிளாஸ், அதாவது அடி படாமல் காக்கும் எண், இரண்டு குறையும். யாரும் கேட்காமலே அவன் பென்சிலை எடுத்து 18-ஐ அடித்து 16 என்று எழுதியதைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். எனக்கு இன்னும் அந்தத் தாள் கண்ணில் நிற்கிறது.

அன்றைக்கும் 200 எக்ஸ்பி விசார்டுக்குத்தான். காலையில் நடந்த பேரத்துக்காக.

இருநூறு என்ன பெரிய விஷயம் என்று கேட்பீர்கள். நாலாம் லெவலுக்கு 2,700 எக்ஸ்பி, ஐந்தாம் லெவலுக்கு 6,500. சிறுகச் சிறுகச் சேர்ந்து விசார்ட் எங்களைவிட ஒரு லெவல் முன்னால் போய்விட்டார். ஐந்தாம் லெவல் வந்தால் விசார்டுக்கு ஃபயர்பால் என்ற நெருப்பு மந்திரம் கிடைத்துவிடும். எட்டு ஆறுபக்கப் பகடைகளை உருட்டி அத்தனை சேதமும் ஒரே வீச்சில். சண்டை என்றால் அவர் அறையைக் காலி செய்வார், நாங்கள் வாசலில் நிற்போம். ஏற்கெனவே அதிகம் பேசுகிறவர் கையில் பலமும் அதிகம் வந்தால், கூச்சப்படுகிறவனுக்குச் செய்ய என்ன மிச்சம் இருக்கிறது? நண்பன் முதலில் ‘இந்த வாரம் வேலை இருக்கு’ என்றான். அப்புறம் வருவதையே விட்டுவிட்டான்.

இதைச் சொன்னால் பழைய ஆட்கள் சிலர் சண்டைக்கு வருவார்கள், இந்த ஆட்டத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான கேரி கைகாக்ஸே நன்றாக ஆடியவர்களுக்குச் சலுகை கொடுத்தாரே என்று. கொடுத்தார்தான். 1979-ல் வந்த அவருடைய டிஎம் வழிகாட்டிப்படி ஒவ்வொரு கேரக்டர் ஆடப்பட்ட விதத்துக்கும் டிஎம் மார்க் போட வேண்டும். நல்ல மார்க் என்றால் அடுத்த லெவலுக்கு ஒரு வாரப் பயிற்சி போதும், மோசம் என்றால் நாலு வாரம் வரை போகும். வாரத்துக்கு 1,500 பொற்காசு, அதையும் லெவலால் பெருக்க வேண்டும். ஆனால் எதற்கு மார்க் குறையும் என்று படித்துப் பாருங்கள். காயம்பட்டவனுக்கு உதவ மறுக்கும் கிளெரிக், சண்டையில் பின்னால் பதுங்கும் ஃபைட்டர், இவர்களுக்குத்தான். செய்கையைத்தான் பார்க்கச் சொன்னார், குரலை இல்லை. அந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் அன்றைக்கு சுரங்கத்தில் முதல் மார்க் யாருக்கு?

இப்போது சென்னையில் நானே ஒரு கேம்பைன், அதாவது ஒரே கதையின் தொடர் ஆட்டம், நடத்துகிறேன். தமிழும் ஆங்கிலமும் கலந்துதான் பேசுகிறோம், யாருக்கு எது வருகிறதோ அது. எல்லோரும் எப்போதும் ஒரே லெவல். அதில் பேச்சுக்கே இடமில்லை.

பரிசுக்குச் சோழி வைத்திருக்கிறேன். 2014 விதிகளில் இன்ஸ்பிரேஷன் என்று ஒன்று உண்டு. கேரக்டருக்கு உண்மையாக ஆடினால் டிஎம் கொடுப்பார், அதைச் செலவழித்தால் அட்வான்டேஜ் கிடைக்கும், அதாவது இருபது பக்கப் பகடையை இரண்டு தடவை உருட்டிப் பெரிய எண்ணை எடுத்துக்கொள்ளலாம். நல்ல விதிதான், ஆனால் டிஎம்முக்கு ஆயிரம் வேலை, கொடுக்க மறந்துவிடும். பிளேயர்களே ஒருவருக்கொருவர் கொடுக்கலாம் என்ற மாற்று முறையும் டிஎம் வழிகாட்டியில் இருக்கிறது. நான் அதைத்தான் எடுத்துக்கொண்டேன். ஆட்டம் தொடங்கும்போது ஆளுக்கு ஒரு சோழி. அதைத் தனக்கு வைத்துக்கொள்ளக் கூடாது, இன்னொருவருக்குத்தான் கொடுக்க வேண்டும், எதற்கு என்று ஒரு வரி சொல்லிக் கொடுக்க வேண்டும். ‘நீ அவனை மன்னிச்சதாலதான் நான் அவன்கிட்ட போய்ப் பேச முடிஞ்சுது’ மாதிரி. வாங்கியவர்தான் செலவழிக்கலாம்.

2024 திருத்தத்தில் மனித கேரக்டர்களுக்கு ஒவ்வொரு நீண்ட ஓய்வுக்குப் பிறகும் இன்ஸ்பிரேஷன் தானாக வந்துவிடுகிறது. அது எனக்குப் பிடிக்கவில்லை. தூங்கி எழுந்ததற்கு எதற்குப் பரிசு? ஃபேட் என்று ஒரு ஆட்டம் இருக்கிறது, அதில் உங்கள் கேரக்டரின் குணத்தால் உங்களுக்கே சிக்கல் வந்தால் கையில் ஒரு பாயிண்ட் வரும், சிக்கல் வேண்டாம் என்றால் நீங்கள் ஒரு பாயிண்ட் கட்ட வேண்டும். வேறு விதிகளில் ஆடினாலும் அதை ஒரு முறை படித்துப் பாருங்கள்.

சோழியைவிடப் பெரிய பரிசு கதைக்குள் கொடுப்பது. அந்த நண்பனைத் திரும்பக் கூப்பிட்டு என் மேசையில் உட்கார வைத்தேன். மறுபடியும் ட்வார்ஃப் கிளெரிக், மறுபடியும் அதே குணம். ஒரு சண்டை முடிந்ததும் எதிரியான ஓர்க் தலைவனைத் தன் போர்வையில் சுற்றிப் புதைத்தான். நான் அப்போது ஒன்றும் சொல்லவில்லை, குறித்து வைத்துக்கொண்டேன். ரொம்ப நாள் கழித்து ஒரு மலைக் கணவாயில் ஓர்க் கூட்டம் இவர்களை வளைத்துக்கொண்டது. வில்லை இறக்காமல் அவர்களின் தலைவி கேட்டாள்: ‘எங்க அண்ணனைப் புதைச்சது உங்கள்ல யாரு?’ மேசையில் எல்லோரும் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள். அவன் கையைத் தூக்கினான். வழி விட்டார்கள். நான் தயாரித்து வைத்திருந்த அந்தச் சண்டை நடக்கவே இல்லை, அதற்காக லெவலில் நான் யாருக்கும் எதையும் குறைக்கவும் இல்லை.

குரல் மாற்றிப் பேசுகிறவர்களைக் குறை சொல்கிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். என் மேசையிலும் அப்படி ஒருத்தி இருக்கிறாள், அவளுக்கும் சோழி போகிறது. ஒரு பொற்காசுக்கு ஒரு எக்ஸ்பி என்று பழைய முறையில் ஆடுகிறவர்களோடும் எனக்குச் சண்டையில்லை. அங்கே காசு கொண்டுவந்தால் எக்ஸ்பி, யார் எப்படிப் பேசினாலும் ஒன்றுதான், அது நியாயமாகத்தான் இருக்கிறது.

கேள்விக்குச் சம்பந்தம் இல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பரிசு பரிசு என்று பிளேயர்களைப் பற்றியே பேசுகிறோம். ஞாயிறு இரண்டு மணிக்கு ஆட்டம் என்றால் ஒன்றரை மணிக்கு ‘சாரி மச்சி, இன்னைக்கு முடியாது’ என்று மெசேஜ் வருகிறது. வரைபடம் வரைந்து, ஊருக்குப் பெயர் வைத்து, ராத்திரி உட்கார்ந்து தயாரித்தவன் ஒருத்தன் இருக்கிறான் என்ற நினைப்பே இல்லை. முதல் நாள் சொன்னால் போதும், வேறு எதுவும் நாங்கள் கேட்கவில்லை.

சரி, உங்கள் விஷயம். ஏற்கெனவே ஒருவருக்கு எக்ஸ்பி அதிகம் கொடுத்துவிட்டீர்கள் என்றால் திருப்பிப் பிடுங்காதீர்கள், அவர் மேல் தப்பில்லை. மற்றவர்களை அவருடைய லெவலுக்கு ஏற்றிவிட்டு, இனிமேல் கதை ஒரு கட்டத்தைத் தாண்டும்போது எல்லோருக்கும் சேர்த்து லெவல் என்று அறிவித்துவிடுங்கள். அப்புறம், பேசாமல் இருக்கும் மற்றவர்களின் கேரக்டர் ஷீட்டை வாங்கி, பலவீனம் என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று படியுங்கள். அடுத்த ஆட்டத்தை அங்கிருந்து தொடங்குங்கள்.