பால் பணம் நிற்கவில்லை: தீவனத்தைக் குறைக்கலாமா?

கறவை மாட்டுக்குத் தீவனத்தைக் குறைக்காதீங்க. 5 கலப்பின மாட்டில் 3 கறக்குது, தினம் 30 லிட்டர், ஆனா பால் பணம் கையில் நிற்கலைன்னு எழுதியிருக்கீங்க. ஓட்டை பால் வற்றின மத்த ரெண்டு மாட்டில்தான் இருக்கு.

ஒரு வற்றின மாட்டுக்கு 2 கிலோ கலப்புத் தீவனம், கிலோ 30 ரூபாய்னா 60. ராகித்தட்டு, பசும்புல் இன்னொரு 60. ரெண்டுக்கும் சேர்த்து நாளுக்கு 240 ரூபாய். 30 லிட்டரில் வகுத்தால் லிட்டருக்கு 8 ரூபாய். கறவை மாட்டுச் செலவை மட்டும் எழுதினால் இது கண்ணுக்கே தெரியாது. சொந்த நிலத்துத் தட்டுக்கும் உங்க பாலக்கோடு பக்கம் விற்கிற விலையைப் போடுங்க, ஓசின்னு விடாதீங்க.

10 மாதம் கறவை, 2 மாதம் வற்றல்னு ஓடினா 5-க்கு 4 மாடு கறக்கணும். உங்களுக்கு 3. பெரும்பாலும் சினை பிடிக்கத் தாமதமாகியிருக்கும்.

இன்னைக்கே ஒரு நோட்டில் மாட்டுக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்க: ஈன்ற தேதி, சினை ஊசி தேதி, சினை பார்த்த தேதி. ஈன்று 90 நாள் தாண்டியும் ஊசி போடாத மாடு, 3 ஊசிக்கும் சினை நிற்காத மாடு, ரெண்டையும் சிவப்பு மையில் சுழிச்சு டாக்டரிடம் காட்டுங்க. வீட்டுக்கு எடுக்கிற பால், கன்று குடிக்கிறது ரெண்டையும் தனியா எழுதுங்க. பால் சொசைட்டி சீட்டில் அது வராது.

ஒண்ணு மட்டும்: வற்றினது 7 மாதச் சினைக்கு மேல்னா அது நஷ்டக் கணக்கில்லை. அதுக்குத் தீவனம் கூட்டத்தான் வேணும்.