கணினியைத் திறக்காதீர்கள், முதலில் எழுத்தில் அறிவியுங்கள்

கேள்வி: கொழும்பில் ஓர் அரச திணைக்களத்தில் கிளைப் பொறுப்பாளராக இருக்கிறேன். என் கீழ் வேலை செய்யும் அபிவிருத்தி உத்தியோகத்தர் ஒருவர், கொட்டாஞ்சேனையில் தான் நடத்தும் ரியூசன் வகுப்புக்கு வேண்டிய ரியூட்களை அலுவலகக் கணினியில் தயாரித்து, எங்கள் பிரின்டரிலேயே அடிக்கிறார் என்று சக ஊழியர்கள் முறையிடுகிறார்கள். திருட்டு மென்பொருளும் போட்டிருக்கிறாராம். அவர் இல்லாத நேரம் கணினியைத் திறந்து, மின்னஞ்சலையும் பார்த்து ஆதாரம் எடுக்கலாமா?

பதில்: வேண்டாம். உங்கள் கோபம் நியாயமானதுதான். ஆனால் நீங்கள் தனியே போய் அந்தக் கணினியைத் திறந்தால் ஆதாரத்தை நீங்களே கெடுத்துவிடுவீர்கள். ஒரு கோப்பைத் திறந்து தெரியாமல் சேமித்தாலே அதன் திகதி மாறிவிடும். 'நான் லீவில் இருந்த நாளில் மேடம்தான் கணினியில் இருந்தார்' என்று அவர் விசாரணையில் சொன்னால் உங்களிடம் பதில் இராது.

மின்னஞ்சல் இன்னும் ஆபத்தானது. அலுவலகக் கணினியில் திறந்து கிடந்தாலும் அவருடைய சொந்த ஜிமெயில் அவருடையதுதான். 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம், அதிகாரம் இல்லை என்று தெரிந்தும் ஒரு கணினிக்குள்ளோ அதில் உள்ள தகவலுக்குள்ளோ நுழைவதைக் குற்றமாக்கியிருக்கிறது. 5 வருடம் வரை சிறையும் 1 இலட்சம் ரூபா வரை தண்டமும் விதிக்கலாம். முறைப்பாடு செய்யப் போன நீங்கள் அதில் மாட்ட வேண்டாம்.

சரி, எதைத் தேடுவது? இத்தகைய முறைப்பாடுகளில் கஷ்டமான கேள்வி, என்ன செய்யப்பட்டது என்பதல்ல, யார் செய்தது என்பதுதான். நம் அலுவலகங்களில் ஒரே கணினியில் மூன்று பேர் வேலை செய்வதும், கடவுச்சொல்லைத் துண்டுக் கடதாசியில் எழுதித் திரையில் ஒட்டி வைப்பதும் சாதாரணம். அப்படியானால் கணினிப் பதிவில் அவர் பெயர் இருப்பது மட்டும் போதாது. கணினிக்கு வெளியே உள்ள பதிவுகள்தான் உங்களைக் காப்பாற்றும். கைவிரல் அடையாள இயந்திரத்தில் அவர் வந்த, போன நேரத்தையும் கணினிக்குள் அவர் பெயரில் நுழைந்த நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். களஞ்சியத்திலிருந்து உங்கள் கிளை எடுத்த டோனரும் கடதாசியும் எவ்வளவு, பிரின்டரின் எண்ணிக்கை எவ்வளவு கூடியிருக்கிறது என்று பாருங்கள். இதற்கெல்லாம் அவருடைய கணினியைத் தொடவே தேவையில்லை. நுழைந்த நேரங்களை வலையமைப்புக்குப் பொறுப்பானவரே சேவையகத்திலிருந்து எடுத்துத் தரக்கூடும்.

அப்புறம் திணைக்களத் தலைவருக்கு எழுத்தில் அறிவியுங்கள். கணினியை எடுக்க வேண்டுமென்றால் அவருடைய எழுத்துமூல உத்தரவோடு, அந்த உத்தியோகத்தரும் இன்னும் இரண்டு பேரும் பார்த்திருக்க எடுங்கள். தொடர் இலக்கத்தைக் குறித்து, முத்திரையிட்டு, எல்லோரிடமும் கையொப்பம் வாங்குங்கள். அவர் வேலை செய்ய வேறொரு கணினியும் கொடுக்க வேண்டும். குற்றம் இன்னும் நிரூபிக்கப்படவில்லையே. கணினியின் வன்வட்டை ஆராய வேண்டிய கட்டம் வந்தால், முதலில் அதை முழுமையாக நகலெடுத்து நகலில்தான் தேட வேண்டும். உங்கள் கிளையில் கணினி தெரிந்த தம்பி ஒருவரிடம் அதைக் கொடுக்காதீர்கள். இணையப் பாதுகாப்புச் சம்பவங்களைக் கையாளும் ஸ்ரீ லங்கா சேர்ட் போன்ற அரச அமைப்பின் உதவியைத் திணைக்களத் தலைவர் ஊடாகக் கேளுங்கள்.

முறைப்பாட்டில் மூன்று விடயங்கள் கலந்திருக்கின்றன, பிரித்து எழுதுங்கள். அரச கடதாசியும் டோனரும் ஒன்று. வெளியே சம்பாதிக்க அனுமதி எடுத்தாரா என்பது இன்னொன்று. அது அவருடைய சுயவிபரக் கோவையில் தெரியும், இன்றைக்கே பாருங்கள். அனுமதிக் கடிதம் இருந்தால் முறைப்பாட்டின் பாதி கரைந்துவிடும். மூன்றாவது, திருட்டு மென்பொருள். என் பார்வையில் பாரதூரமானது இதுதான். 2023 ஆகஸ்டில், அரச அலுவலகங்களின் மின்னஞ்சல்கள் இருந்த அரச மேகக் கணினித் தளம் கப்பம் கேட்கும் வைரஸால் தாக்கப்பட்டபோது, மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்களை மீட்க முடியாமல் போனது. அந்தத் தாக்குதல் வந்த வழி வேறு. ஆனால் பூட்டு உடைத்த மென்பொருள் அதே வகை வைரஸ் உள்ளே வர நாமே திறந்து விடுகிற கதவு. ஆகவே விசாரணைக்காகக் காத்திருக்காமல் அந்தக் கணினியை வலையமைப்பிலிருந்து துண்டிக்க இன்றே உத்தரவு வாங்குங்கள்.

மற்றதெல்லாம் அரச ஊழியர்களுக்கான தாபன விதிக்கோவையின் இரண்டாம் தொகுதிப்படி நடக்கும்: ஆரம்ப விசாரணை, ஆதாரம் இருந்தால் குற்றப்பத்திரம், பிறகு முறையான ஒழுக்காற்று விசாரணை. முதலாம் அட்டவணைக் குற்றமா இரண்டாம் அட்டவணைக் குற்றமா என்பதைத் தீர்மானிப்பது ஒழுக்காற்று அதிகாரி. முதலாம் அட்டவணைக் குற்றம் பதவி நீக்கம் வரை போகலாம் என்பதால், உங்கள் கடிதத்தில் கண்டதை மட்டும் எழுதுங்கள். 'நீண்ட காலமாக மோசடி செய்கிறார்' போன்ற வசனம் வேண்டாம். 'இன்ன திகதி, இன்ன நேரம், இத்தனை தாள்' போதும்.

ஒரு விடயத்தில் மட்டும் நீங்கள் அவருக்காகவும் நிற்க வேண்டும். ஆரம்ப விசாரணை அதிகாரி சிங்களத்தில் வாக்குமூலம் எழுதி, 'இங்கே கையொப்பம் வையுங்கள்' என்று நீட்டக்கூடும். தமிழும் அரசகரும மொழி. அவர் தமிழில் சொல்வதைத் தமிழிலேயே பதிந்து, வாசித்துக் காட்டிய பிறகே கையொப்பம் வாங்க வேண்டும் என்று திணைக்களத் தலைவருக்கு எழுதும் அதே கடிதத்தில் கேட்டுவிடுங்கள். முறையிட்ட உங்கள் ஊழியர்களின் வாக்குமூலத்துக்கும் அதையே கேளுங்கள்.