உள்ளூர் நிருபர் – கடிதமும் பதிலும்

ஐயா,
இதழியல் முடித்துவிட்டேன். சேலத்தில் ஒரு கேபிள் சேனலில் வேலைக்குக் கூப்பிடுகிறார்கள். புலனாய்வுச் செய்தியாளர் ஆவதுதான் என் ஆசை. உள்ளூர்ச் சேனல் என்றால் திருவிழா காட்டுவதும் காசு வைத்த கவர் வாங்குவதும்தான் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். எனக்கும் அப்படித்தான் படுகிறது. சென்னைக்கே போய்விடவா? என்ன கேமரா வாங்கலாம்?
– ஒரு வாசகி, அயோத்தியாப்பட்டணம்

அன்புள்ள தங்கைக்கு,

கேமராவை விடு, கையிலிருக்கிற செல்போன் போதும். நண்பர்கள் சொன்னதை அப்படியே நம்பி எழுதியிருக்கிறாயே, அதுதான் எனக்குக் கோபம். ஓர் உள்ளூர் நிருபரோடு ஒருநாளாவது சுற்றியிருக்கிறாயா? செய்திக்கு இவ்வளவு என்று கணக்குப் பார்த்துக் கொடுப்பார்கள். பெட்ரோல் கைக்காசு. தீபாவளிக்கு விளம்பரமும் பிடித்துத் தர வேண்டும். கவர் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்தான். அதற்காக எல்லோரையும் சேர்த்துத் திட்டுவாயா?

உன் கடிதம் வந்தபோது என் நண்பரைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். கேபிள் சேனலில் இருபது வருஷத்துக்கு மேல் இருந்தவர், போன மாதம் காலமானார்.

சேர்வராயன் மலையில் பிறந்து ஊருக்குள் வருகிற திருமணிமுத்தாற்றில் சாயத்தண்ணி ராத்திரியில்தான் இறங்கும். கரையில் குடியிருக்கிற எல்லோருக்கும் தெரியும். ஆய்வுக்கு வருகிற அதிகாரிகள் பகலில் வருவார்கள். நண்பர் பழைய வெள்ளை வேட்டியை நாலு விரல் அகலத்துக்குக் கிழித்தார். விடியற்காலை நாலரைக்குப் பாலத்தடியில் இறங்கித் தினமும் ஒரு துண்டை நனைத்து, காய்ந்ததும் ஓரத்தில் தேதி எழுதுவார். நாற்பது நாள். வீட்டுக் கொடியில் அவர் மனைவியின் புடவைகளுக்கு நடுவே அந்தத் துண்டுகள் தொங்கும். கத்தரிப்பூ நிறம், செங்கல் நிறம், கருநீலம். சாயப்பட்டறை விடுமுறைக்கு மறுநாள் மட்டும் வெறும் சாக்கடைப் பழுப்பு.

அதன் பிறகுதான் 2005 தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டார். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, அந்தத் தேதிகளில் ஆய்வுக்கு யார் போனார்கள், என்ன எழுதிக் கொடுத்தார்கள் என்று கேட்டார். 30 நாளில் பதில் இல்லை. மேல்முறையீடு செய்து வாங்கினார். ஒரு தேதிக்கு 'குறைபாடு ஏதுமில்லை' என்று எழுதியிருந்தது. அந்தத் தேதித் துண்டு கருநீலம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துக் காட்டினார். செய்தி ஐந்து நிமிடம்கூட இல்லை.

சென்னை நிருபர் ஏற்காடு எக்ஸ்பிரஸில் வந்து இறங்குவார், வேலை முடிந்ததும் அதே வண்டியில் திரும்பிவிடுவார். நம்மாள் மறுநாள் காலை அதே கடையில் டீ குடித்தாக வேண்டும், பட்டறை முதலாளிக்குப் பக்கத்து பெஞ்சில். "பட்டறைய மூடிட்டா எங்க பொழப்பு என்னாகும்ணா?" என்று அடுத்த தெருக்காரன் கேட்டான். நண்பர் எழுந்து போய்விடவில்லை. சின்னப் பட்டறைகள் தனித்தனியாகச் சுத்திகரிப்பு நிலையம் கட்ட முடியாது, எல்லோருக்கும் பொதுவாக ஒன்று வேண்டும் என்பதை அவனையே பேச வைத்து அடுத்த செய்தி எடுத்தார். அந்தக் கேள்வி ரயில் ஏறிப் போனவர் காதில் விழுந்திருக்காது.

வளர்க்க முடியாத பெண்குழந்தையைக் கொல்லாமல் அரசுத் தொட்டிலில் விட்டுப் போகச் சொன்ன தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-இல் சேலத்தில்தான் தொடங்கியது. பெண்சிசுக்கொலை பற்றி வெளியூர்க்காரர்கள் வந்து எழுதினார்கள், எழுத வேண்டியதுதான். ஆனால் தொட்டிலில் விட்ட குழந்தை என்ன ஆனாள் என்று வருஷாவருஷம் போய்க் கேட்பதற்கு இந்த ஊரிலேயே கிடக்கிற ஆள் வேண்டும் கண்ணு.

அந்தத் துண்டுகளை மஞ்சள் பையில் போட்டு அவர் மனைவி என்னிடம் கொடுத்திருக்கிறார். எந்த ஊர் என்று முடிவு பண்ணுவதற்கு முன்னால் ஒருநாள் அஸ்தம்பட்டிக்கு வா. காலையில் வா, வெளிச்சம் இருந்தால்தான் நிறம் தெரியும்.