முதல் 60 அடி: ரேஸ் ஸ்டார்ட் பற்றிக் கேள்வி பதில்

ஹட்டன் பக்கம் ஒரு சின்ன கராஜ் வைத்திருக்கிறேன். கொழுந்து லொறியில் கிளட்ச் பழகி, பிறகு சிவிக்கில் ஹில் க்ளைம்பும் (மேடேறும் பந்தயம்) டிராக்கும் (drag, நேர்ப்பாதைப் பந்தயம்) ஓடியவன். கால் மைல் ஓட்டத்தில், அதாவது 402 மீற்றரில், வண்டியை லைனிலிருந்து கிளப்புவது பற்றிக் கேளுங்கள் என்றேன். கேள்விகள் குவிந்துவிட்டன. கேட்டவரின் பெயருக்குப் பதில் ஊரைப் போட்டிருக்கிறேன். பிடித்ததற்கு நீட்டி எழுதியிருக்கிறேன், மற்றதற்கு ஒரு வரி. ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன், நடுவிலும் சொல்வேன்: ரோட்டில் வேண்டாம்.

தலவாக்கலை: அண்ணே, என்னிடம் சிவிக் ஈகே, மேனுவல். டிராக்கில் ஒரு தடவையும் ஓடியதில்லை. எத்தனை ஆர்பிஎம்மில், அதாவது எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்றுச் சுற்றும்போது, கிளட்ச்சை விட வேண்டும்?

எல்லாரும் இந்த எண்ணைத்தான் கேட்கிறார்கள் தம்பி. எண் கடைசியில் வரும், முதலில் கணக்கைப் பார். உன் வண்டி முதல் கியரில் 1,000 ஆர்பிஎம்முக்கு ஏறத்தாழ 8 கிலோமீற்றர் வேகம் போகும். எஞ்சினை 3,500-இல் வைத்துக் கிளப்பினால், வண்டி 28-ஐத் தொடும் வரை எஞ்சினும் சக்கரமும் ஒத்துப்போகாது. அந்த வித்தியாசத்தை ஒன்று கிளட்ச் விழுங்க வேண்டும், இல்லாவிட்டால் டயர் விழுங்க வேண்டும். பெடலிலிருந்து காலைச் சட்டென்று எடுத்தால் டயர் விழுங்கும். புகை வரும், பார்க்கிறவன் விசிலடிப்பான், பக்கத்து லேன்காரன் போய்விடுவான். ரொம்பத் தயங்கி விட்டால் கிளட்ச் கருகும்.

டயர் துளி நழுவும்போதுதான் அதிகமாகப் பிடிக்கும். வண்டி போகிற வேகத்தைவிடச் சக்கரம் 10 முதல் 20 சதவீதம் கூடுதலாகச் சுற்ற வேண்டும். கண்ணாலே அதைப் பார்க்க முடியாது, காதாலே கேட்கலாம். டயர் அலறினால் அதிகம். முனகினால் சரி.

இப்போது செய்முறை. கராஜ் வாசலில் எக்ஸிலேட்டரைத் தொடாமல் கிளட்ச்சை மட்டும் விட்டு, எந்த இடத்தில் வண்டி அசைகிறது என்று காலுக்குப் பழக்கு. நம் பக்கத்தில் லைசன்ஸ் எடுத்த எவனுக்கும் இது தெரியும். கொண்டை ஊசி வளைவில் பஸ்ஸுக்குப் பின்னால் ஹாஃப் கிளட்ச்சில் நிற்காதவன் யார்? லைனில் பெடலை அந்த இடத்துக்குச் சற்றுக் கீழே பிடித்துக்கொள். ஆர்பிஎம்மை ஆடாமல் வை. கிளம்பும்போது பிடிக்கிற இடம் வரை வேகமாக விடு, அங்கே ஒரு விநாடி போலத் தாமதி, வண்டி நகர நகர மீதியை விடு. எக்ஸிலேட்டரை அதற்குப் பிறகுதான் முழுவதும் மிதிக்க வேண்டும். புதியவர்கள் செய்கிற தப்பு, இரண்டு காலையும் ஒரே நேரத்தில் ஆட்டுவது.

உன்னுடையது முன்சக்கர வண்டி. கிளம்பும்போது எடை பின்னால் போய் முன் டயர் லேசாகிவிடும். ஆகவே 3,000-இல் தொடங்கு. சுழன்றால் அடுத்த ஓட்டத்தில் 300 குறை. எஞ்சின் திணறி விழுந்தால் 300 கூட்டு. முன் டயரில் காற்றை 2, 3 பிஎஸ்ஐ குறைத்தும் பார்க்கலாம், வீட்டுக்குக் கிளம்புமுன் திரும்ப அடித்துக்கொள். ஓட்டத்துக்கு ஒரு மாற்றம்தான். ஒன்றாக இரண்டை மாற்றினால் எது உதவியது என்று தெரியாது. டைம் சீட்டில் முதல் 60 அடி நேரத்தை மட்டும் பார். அங்கே 0.1 விநாடி மிச்சம் பிடித்தால் கடைசியில் அது 0.15 முதல் 0.2 வரை ஆகும். முதல் நாளில் 2.3 வந்தால் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பண்டாரவளை: டயரைத் தண்ணீரில் வைத்துச் சுழற்றிப் புகை விட வேண்டுமா?

டிராக்குக்கென்று செய்த டயர் என்றால் ஆம். சாதாரண ரோட்டு டயர் என்றால் அந்தத் தண்ணீரைச் சுற்றிக்கொண்டு போங்கள். டயர்க் காடியில் ஏறிய ஈரம் லைனில் வந்து சொட்டும், பிடிக்க வேண்டிய இடத்தில் வழுக்கும். காய்ந்த இடத்தில் ஒரு சின்னச் சுழற்று, ஒட்டின கல்லும் மண்ணும் போனால் போதும்.

பொகவந்தலாவை: பச்சை விழுந்ததும்தான் கிளம்புகிறேன், ஆனாலும் தோற்கிறேன். என்னுடைய நேரம் அவனுடையதைவிடக் குறைவு. இது எப்படி?

நல்ல கேள்வி. ஓட்ட நேரம் பச்சையிலிருந்து எண்ணப்படுவதில்லை. உங்கள் முன் டயர் லைனிலுள்ள ஒளிக்கற்றையை விட்டு நகரும்போதுதான் கடிகாரம் ஓடத் தொடங்கும். பச்சைக்குப் பிறகு நீங்கள் யோசித்த நேரம் தனிக் கணக்கு. நீங்கள் 0.9 தாமதித்து 15.0 ஓடினால் மொத்தம் 15.9. அவர் 0.5 தாமதித்து 15.2 ஓடினால் 15.7. அவர்தான் முதலில் கோட்டைத் தொடுவார்.

விளக்குக் கம்பத்தில் மஞ்சள் மூன்றும் அரை விநாடி இடைவெளியில் ஒவ்வொன்றாக எரிகிற முறையில், கடைசி மஞ்சளைக் கண்டதும் கிளம்ப வேண்டும். கால் அசைந்து வண்டி நகர்வதற்குள் பச்சை வந்துவிடும். மூன்று மஞ்சளும் ஒன்றாக எரிந்து 0.4 விநாடியில் பச்சை விழுகிற முறையும் உண்டு. அன்றைக்கு எது என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். அவசரப்பட்டால் சிவப்பு.

பதுளை: லான்சர் எவோ வைத்திருக்கிறேன். நாலு சக்கரமும் இழுக்கும், எனக்கு இந்தப் பிரச்சினை இல்லைதானே?

உங்களுக்கு வேறு பிரச்சினை. நாலு டயரும் பிடிப்பதால் நழுவ ஆளில்லை, அடி முழுவதும் கிளட்ச்சுக்கும் கியர்பெட்டிக்கும் போகும். டர்போ (எஞ்சினுக்குள் காற்றை அழுத்துகிற விசிறி) ஊத வேண்டும் என்று 5,000-க்கு ஏற்றிக் காலைத் தூக்கினால் கியர்பெட்டி உங்கள் கையில் வரும். ஆர்பிஎம் உயரமாக இருக்கலாம், கிளட்ச் கட்டாயம் நழுவ வேண்டும். ஓட்டத்துக்கு ஓட்டம் அரை மணி நேரம் ஆற விடுங்கள். கருகிய வாசனை வந்தால் அன்றைக்குப் போதும்.

கம்பளை: விட்ஸ், சிவிடி (கிளட்ச் பெடல் இல்லாத ஓட்டோ கியர்). லோஞ்ச், அதாவது ஸ்டார்ட், எப்படி?

மிதியுங்கள். அவ்வளவுதான்.

ஹட்டன்: த்ரீவீலில் முன்சக்கரம் தூக்குவது எப்படி?

அது என் வேலை இல்லை. ஆர்த்தோ டொக்டரைக் கேள்.

நுவரெலியா: சேர், எங்கள் ஊர்க் காற்று குளிர். குளிர்காற்று அடர்த்தி, எஞ்சினுக்கு நல்லது. அப்படியானால் கொழும்பு வண்டிகளைவிட எங்கள் வண்டிக்குப் பவர் கூட வர வேண்டுமே?

குளிர்காற்று அடர்த்தி என்பது சரி. ஆனால் நீங்கள் இருப்பது 1,868 மீற்றர் உயரத்தில். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் 80 சதவீதம்தான்.

வெலிமடை: நுவரெலியாக்காரர் சொல்வதுதான் சரி. விடியற்காலையில் என் வண்டியும் நன்றாக இழுக்கிறது.

மத்தியானத்தோடு ஒப்பிட்டால் இழுக்கும். கொழும்போடு ஒப்பிட்டுக் கணக்குப் போடுவோம். கொழும்பில் 31 பாகை, நுவரெலியாவில் 15 என்று வையுங்கள். அந்தக் குளிரால் கிடைக்கிற அடர்த்தி ஐந்து, ஐந்தரை சதவீதம். உயரத்தால் போவது 20. கூட்டிக் கழித்தால் 15 சதவீதம் நட்டம். 160 குதிரை என்று வாங்கின வண்டியில் 136 போல மிஞ்சும்.

நுவரெலியா: புத்தகக் கணக்கு சேர். காற்று குறைவு என்று எப்படி நம்புவது?

கொழும்பில் வாங்கின சிப்ஸ் பக்கெட் நானுஓயா வரும்போது தலகாணி மாதிரி ஊதியிருக்கிறதே, ஏன்? வெளியே அழுத்தம் குறைந்ததால். உங்கள் வீட்டில் பருப்பு வேக ஏன் அவ்வளவு நேரம்? தண்ணீர் 94 பாகையிலேயே கொதித்துவிடுகிறது. அதே காற்றைத்தான் எஞ்சினும் குடிக்கிறது.

மஸ்கெலியா: டர்போ வண்டிக்கு இது பொருந்தாதுதானே?

குறைவாகப் பொருந்தும். வெளிக்காற்றுக்கு மேல் 1 பார், அதாவது கடல்மட்டக் காற்றழுத்தம் அளவு, அழுத்துகிற சாதாரண அமைப்பு என்றால், கடல்மட்டத்தில் மொத்தம் 2, நுவரெலியாவில் 1.8. பத்து சதவீதம் போகும். ஆனால் ஸ்டார்ட்டில் டர்போ இன்னும் ஊதத் தொடங்கவில்லை, அந்த நேரத்தில் அதுவும் மெலிந்த எஞ்சின்தான். மேலே நான் எண்ணைக் கடைசியில் சொன்னதற்கு இதுதான் காரணம். மலையில் 3,500-இல் கிளப்பிப் பழகியவன் அதே 3,500-ஐக் கட்டுக்குருந்தைக்குக் கொண்டுபோகிறான். அது களுத்துறைப் பக்கம், கடலோரம், பழைய விமான ஓடுபாதை. இங்கே திணறின எஞ்சின் அங்கே டயரைக் கிழிக்கும். நானே அப்படி முதல் ஓட்டத்தில் புகைக்குள் உட்கார்ந்திருந்தேன்.

ராகலை: மஹகஸ்தொட்டை ஹில் க்ளைம்பில் ஸ்டார்ட் எப்படி மாறும்?

1934-இல் தொடங்கிய ஓட்டம், மரியாதையோடு போங்கள். ஏற்றத்தில் எடை இன்னும் பின்னால் சாயும். பின்சக்கர வண்டிக்குக் கொண்டாட்டம், சிவிக்காரனுக்குத் திண்டாட்டம். வண்டி பின்னால் உருளாமல் ஹேண்ட்பிரேக்கைப் பிடித்து, கிளட்ச் கடித்ததும் விட வேண்டும். கொழுந்து மூட்டை ஏற்றின லொறியை மேட்டில் எடுக்கிற அதே வித்தைதான். சக்கரம் தடதடவென்று துள்ளினால் எக்ஸிலேட்டரை விட்டுவிடுங்கள். அந்தத் துள்ளலில்தான் சக்கரத்தைச் சுற்றுகிற டிரைவ் ஷாஃப்ட் உடைகிறது.

லிந்துலை: அண்ணே, எம்எக்ஸ் ஃபைவுக்கு எத்தனை ஆர்பிஎம்?

தலவாக்கலைத் தம்பிக்குச் சொன்னதை வாசி. பின்சக்கரம் என்பதால் இன்னும் 500 தாங்கும்.

கொட்டகலை: ஸ்விஃப்டுக்கு?

தலவாக்கலைக்குச் சொன்ன அதே பதில், 500 கூட்டாமல்.

பசறை: பந்தயத்தில் அடிபட்டால் இன்சூரன்ஸ் தருமா?

சாதாரண பாலிசிகள் பந்தயத்தை விலக்கித்தான் எழுதப்பட்டிருக்கும். உங்களுடையதை எடுத்து வாசியுங்கள்.

ஹப்புத்தளை: ஓட்டத் தெரியாது, பார்க்கப் பிடிக்கும். பிள்ளைகளோடு எங்கே நிற்கலாம்?

வேலிக்குப் பின்னால், உயரமான இடத்தில், வளைவின் வெளிப்பக்கத்தில் இல்லாமல். 2024 ஏப்ரல் 21-ஆம் திகதி தியத்தலாவை ஃபொக்ஸ் ஹில் ஓட்டத்தில் ஒரு கார் தடத்தை விட்டு விலகிப் பார்வையாளர்களுக்குள் பாய்ந்தது. 7 பேர் இறந்தார்கள், அதில் ஒரு குழந்தையும். அங்கே அடையாளக் கொடி காட்ட ஆட்கள் இருந்தார்கள், அம்புலன்ஸ் இருந்தது. அப்படியும் நடந்தது.

வட்டவளை: அண்ணே, ஹட்டன் ரோட்டில் ஒரு நேரான துண்டு இருக்கிறதே, இரவில் அங்கே பழகினால் என்ன?

வேண்டாம் என்று முதலிலேயே சொன்னேன். கிளட்ச் கடிக்கிற இடத்தைப் பழக ரோடு தேவையில்லை, கராஜ் வாசல் போதும்.

நுவரெலியா: சேர், 15 சதவீதத்தை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் காலை ஐந்தரைக்கு என் வண்டி பறக்கத்தான் செய்கிறது.

ஐந்தரைக்கு ரோட்டில் எதிரே வண்டி இல்லை, அதனால் பறக்கிறது. கொஞ்ச நேரத்தில் பெரட்டுக்கு (தோட்டத்துக் காலை ஆள்கணக்குக்கு) போகிறவர்கள் பனிக்குள்ளே அதே ரோட்டு ஓரமாகத்தான் நடந்து வருவார்கள். என் அம்மா முப்பது வருஷம் அப்படி நடந்தவர்.