டார்க் காமெடி எழுதினேன், யாரும் சிரிக்கவில்லை!

கேள்வி: பிரபலமாக எதையும் செய்யத் துணியும் ஓர் இளைஞனைப் பற்றி 20 நிமிடக் குறும்படம் எழுதியிருக்கிறேன். கொடூரமான விஷயத்தையும் சிரிப்பாகச் சொல்லும் டார்க் காமெடி என்று நினைத்துத்தான் எழுதினேன். படித்தவர்களோ, "இவன் கெட்டவன், அவ்வளவுதானே?" என்கிறார்கள். எங்கே இடறுகிறது?

பதில்: உங்கள் பிரதியைப் படிக்காமலே ஒன்றை ஊகிக்கிறேன். தான் செய்வது தப்பு என்று உங்கள் நாயகனுக்கே தெரிந்திருக்கிறது. தெரிந்துவிட்டால் அவன் வெறும் வில்லன். "நான் உழைக்கிறேன், முன்னேறுகிறேன்" என்று அவன் மனதார நம்பினால்தான் பார்ப்பவருக்குச் சிரிப்பும் நடுக்கமும் சேர்ந்து வரும்.

டான் கில்ராயின் 'நைட்கிராலர்' (2014) படத்தைப் பாருங்கள். ஜேக் ஜில்லென்ஹால் இரவெல்லாம் சுற்றி, விபத்துகளையும் கொலைகளையும் படம்பிடித்து டிவி செய்திக்கு விற்கிறார். ஓரிடத்தில் போலீஸ் வருவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிடுகிறார். அடிபட்டுக் கிடப்பவரின் உடல் ஃபிரேமுக்குத் தோதாக இல்லை. சரி என்று அதை இழுத்துப் போட்டுவிட்டு ஷாட் எடுக்கிறார். வீட்டில் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போடுவோமே, அதே முகம். வாயைத் திறந்தால் தன்னம்பிக்கைப் புத்தக வாசகம்தான். 'டு டை ஃபார்' (1995) நிக்கோல் கிட்மனும் இதே ஜாதி. டிவியில் வராதவர் ஆளே இல்லை என்பது அவர் வேதம். கணவன் குறுக்கே நிற்பதாகத் தோன்றியதும், பள்ளிக்கூடப் பையன்களை ஏவிவிடுகிறார்.

அடுத்து, அவனைத் தனியே விடாதீர்கள். அவன் பைத்தியக்காரத்தனத்துக்குக் கைதட்ட ஊர் வேண்டும். இதில் எனக்கு இன்றும் பாடப்புத்தகம் பில்லி வைல்டரின் 'ஏஸ் இன் த ஹோல்' (1951). குகைக்குள் ஒருவர் சிக்கிக்கொள்கிறார். சுவர்களுக்கு முட்டுக்கொடுத்துச் சீக்கிரம் மீட்டுவிடலாம். ஆனால் செய்தி நாலு நாள் ஓட வேண்டுமே! மேலிருந்து துளைபோடச் செய்கிறார் நிருபர் கிர்க் டக்ளஸ். வேடிக்கை பார்க்கக் கூட்டம் குவிகிறது. முதலில் இலவசம் என்றிருந்த நுழைவுப் பலகையில் கட்டணம் ஏறிக்கொண்டே போகிறது. அந்தப் பலகை சொல்வதை உங்கள் பிரதியில் ஒரு நண்பன் இரண்டு பக்கம் பேசிக்கொண்டிருப்பான், இல்லையா? "இதெல்லாம் தப்புடா" என்கிற நண்பனை முதலில் வெட்டுங்கள்.

சிட்னி லூமெட்டின் 'நெட்வொர்க்' (1976) படத்திலும் ஒரு கச்சிதமான இடம் உண்டு. வேலை போகப்போகிற செய்தி வாசிப்பாளர், அடுத்த வாரம் இதே நிகழ்ச்சியில் தற்கொலை செய்துகொள்வேன் என்று நேரலையில் அறிவிக்கிறார். கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர்களோ அரட்டையில் இருக்கிறார்கள். அவர் என்ன சொன்னார் என்பது அவர்களுக்கு உறைக்கவே சில நொடிகள் ஆகின்றன. அந்தச் சில நொடிகள்தான் நகைச்சுவை.

முடிவில் அவனைத் தண்டிக்கலாமா? சட்டம் ஒன்றும் இல்லை. வைல்டர் நிருபரைச் சாகடித்தார். ஸ்கார்செசியின் 'த கிங் ஆஃப் காமெடி'யில் ராபர்ட் டி நீரோ ஆளைக் கடத்திச் சிறைக்குப் போய், பிரபலமாகத் திரும்புகிறார். என் ஓட்டு இரண்டாவதற்கு. 20 நிமிடத்தில் தண்டனை பிரசங்கமாகிவிடும்.

இப்போது ஒரே ஒரு காட்சியை மாற்றி எழுதிப் பாருங்கள். அவன் தம்பி மாடிப்படியில் உருண்டு விழுந்து அழுகிறான். நாயகன் பதறி ஓடி வந்து, கண்ணீரைத் துடைத்துவிட்டு, "இங்கே வெளிச்சம் பத்தலைடா கண்ணு, ஜன்னல் பக்கம் வந்து அழு" என்கிறான். வசனத்துக்குப் பக்கத்தில் 'கனிவாக' என்று குறித்துவையுங்கள். நடிகர் அங்கே குரூரமாகச் சிரித்துவைத்தால் காட்சி போச்சு.