இயர்பட்ஸா, ஹெட்போனா?

கேள்வி: தினமும் பேருந்துப் பயணத்தில் பாட்டுக் கேட்கவும், வீட்டில் இருந்தபடியே அலுவலகக் கூட்டங்களில் நெடுநேரம் பேசவும் ஒரே கருவி வாங்க நினைக்கிறேன். இயர்பட்ஸ் நல்லதா, காதை மூடும் ஹெட்போன் நல்லதா? நண்பரின் இயர்பட்ஸைப் போட்டுப் பார்த்தபோது பேஸ், அதாவது தாழ்ந்த ஒலி, எடுபடவே இல்லை. எல்டிஏசி கோடெக் (புளூடூத்தில் பாட்டைச் சுருக்கி அனுப்பும் உயர்தர முறை) இருந்தால் இது சரியாகிவிடுமா?

பதில்: சரியாகாது. அந்த இயர்பட்ஸின் சிலிக்கான் முனை உங்கள் காதுத் துளையில் சரியாகப் பொருந்தாததே பெரும்பாலும் காரணமாக இருக்கும். மெல்லிய இடைவெளி இருந்தாலும் தாழ்ந்த ஒலிகள் அதன் வழியே கசிந்துவிடும். பாடகரின் குரல் மட்டும் தெளிவாக நிற்க, பேஸ் காணாமல் போகும். பாட்டு ஓடும்போதே இயர்பட்ஸை விரலால் லேசாக உள்ளே அழுத்திப் பாருங்கள். பேஸ் சட்டென்று கூடினால், அடுத்த பெரிய முனையை மாட்ட வேண்டும் என்று பொருள். இரண்டு காதுகளுக்கும் ஒரே அளவு பொருந்த வேண்டும் என்பதில்லை. வலது காதுக்கு நடுத்தரமும் இடது காதுக்குப் பெரியதும் தேவைப்படுபவர்கள் உண்டு. இந்தப் பொருத்தத்துக்குப் பிறகுதான் மற்ற எல்லாம்.

வெளியிரைச்சலை மைக்கால் உள்வாங்கி, அதற்கு நேர் எதிரான ஒலியலையை எழுப்பி அடக்கும் நாய்ஸ் கேன்சலிங் வசதிகூட, முனை பொருந்தாவிட்டால் பாதிப் பயனே தரும். பேருந்து எஞ்சினின் தொடர்ச்சியான உறுமலை அது நன்றாகக் குறைக்கும். பக்கத்து இருக்கையின் பேச்சை அந்த அளவுக்குக் குறைக்காது.

எல்டிஏசி வேலை செய்ய, போனும் கருவியும் இரண்டுமே அதை ஏற்க வேண்டும். ஐபோன்களில் அது கிடையாது, அங்கே ஏஏசி என்ற வேறொரு கோடெக்தான். மேலும், கூட்டத்தில் கருவியின் மைக் இயங்கத் தொடங்கியதும் பெரும்பாலான புளூடூத் கருவிகள் பேச்சுக்கான குறைந்த தரத்துக்கு மாறிவிடும். அப்போது எந்த உயர்ரகக் கோடெக்கும் கைகொடுக்காது. கணினியில் பேசுவதானால், அதன் சொந்த மைக்கைத் தேர்ந்தெடுத்துக்கொண்டால் கேட்கும் ஒலியின் தரம் குறையாமல் இருக்கும்.

ஒன்றுதான் வாங்குவது என்றால், உங்களுக்கு ஹெட்போனையே பரிந்துரைப்பேன். அதன் பெரிய பேட்டரி நீண்ட கூட்டங்களைத் தாங்கும். இயர்பட்ஸின் சின்னஞ்சிறு பேட்டரி சில ஆண்டுகளில் தளர்ந்துவிடும், பெரும்பாலானவற்றில் அதை மாற்றவும் முடியாது. கண்ணாடி அணிபவராக இருந்தால், கண்ணாடியோடு மாட்டிப் பார்த்தே வாங்குங்கள். கண்ணாடியின் காம்பு ஹெட்போனின் மெத்தையைத் தூக்கிவிட்டால் இங்கேயும் பேஸ் கசியும்.

கேள்வி: பள்ளியில் படிக்கும் என் மகள் எந்நேரமும் இயர்பட்ஸுடன் இருக்கிறாள். எவ்வளவு ஒலி வரை பாதுகாப்பானது?

பதில்: உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் 2019-ல் வெளியிட்ட தரநெறியின்படி, பெரியவர்கள் 80 டெசிபலிலும் குழந்தைகள் 75 டெசிபலிலும் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம். ஒலி 3 டெசிபல் கூடினாலே அந்த நேரம் பாதியாகிவிடும் என்பதை மறந்துவிடக் கூடாது. சில போன்கள் ஒலியளவை டெசிபலிலேயே காட்டுகின்றன. உச்ச அளவைப் பூட்டிவைக்கும் வசதியும் பலவற்றில் உண்டு. மகளைக் கண்டிப்பதற்கு முன், அவள் எந்த இடத்தில் கேட்கிறாள் என்று கவனியுங்கள். இரைச்சலான இடத்தில் பாட்டுக் கேட்க யாரானாலும் ஒலியைக் கூட்டவே செய்வார்கள். சரியாகப் பொருந்திய முனையும் நாய்ஸ் கேன்சலிங்கும் இருந்தால் அந்தத் தேவை வெகுவாகக் குறையும்.